இரும்புக்கு நல்ல பக்கம்

டெய்லரம்மாவுக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். அபாண்டம். அவள் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். பேசுவதற்கு இடமே இருக்காது. குண்டூசியை எடுத்து வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்க்கிற நேரங்களில் மட்டும் எதிரே நிற்பவர் கொஞ்சம் உஷாராக இருந்துகொள்ள வேண்டும். அளவு கொடுக்க வந்து வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பவர்களிடம், "மூச்சு விடுங்க, சட்டை போட்டுக்கிட்டு நீங்க மூச்சு விடத்தானே போறீங்க?" என்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்தை முகத்துக்கு நேராகக் கேட்டால் யாருக்குப் பிடிக்கும்?

வீட்டின் முன் அறைதான் கடை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற பெரிய மேஜை, ஒரு மூலையில் திரை கட்டி உள்ளே சின்னக் கண்ணாடி. அந்த மேஜையின் ஓரத்தில் இரும்பைப் பிடிக்கிற வைஸ் ஒன்று முடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, புதிதாக வருபவர்கள் தங்கள் துணிக்கு என்ன கதி ஆகுமோ என்று பயப்படுவார்கள். அந்த வைஸ் வந்த கதைதான் இது.

அவள் கணவர் பஸ் டிரைவர். 'டிரைவராக இருந்தவர்' என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். சர்க்கரை நோய் ஒரு காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. இன்னொரு கால் பேருக்குத்தான் கால். ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் ஒரு பிடி பிடிப்பார். "கியரா மாத்துறான் அவன்? கருங்கல்லு உடைக்கிறான்!" என்பார். "திரும்புறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருய்யா, உன் அழகைப் பாக்கவா வச்சிருக்கு?" என்பார். கேட்க ஆள் இல்லையென்றால் மனைவியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பழைய பாட்டைப் பாடுவார். அதில் ஒரு வரி கட்டாயம் வரும். "பின்னாடியிருந்து கண்டக்டர் குரல் வராம ஒருநாளும் வண்டிய எடுத்ததில்ல. மேலதிகாரியே வந்து எடுன்னாலும் எடுக்க மாட்டேன்." டெய்லரம்மா தலையை ஆட்டியபடி பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள்.

மருத்துவமனையில் சொன்னார்கள் என்று ஒரு சக்கர நாற்காலி வந்தது. பின்னால் ஒருவர் நின்று தள்ளுகிற ரகம். முதல் நாள் டெய்லரம்மாவின் தம்பி அதில் மாமாவை உட்கார வைத்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். டிரைவரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஆளை வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன பிரேக்டவுன் ஆன வண்டியா? எங்க திரும்பணும்னு அவன் முடிவு பண்றான், எங்க நிக்கணும்னு அவன் முடிவு பண்றான். இனிமே அந்தச் சனியனைக் கொண்டாந்து என் கண்ணு முன்னாடி நிறுத்தாதே."

அன்றிலிருந்து அந்த நாற்காலியில் தைத்து முடித்த துணிகள்தான் உட்கார்ந்தன.

அவர் முதலில் சவரம் செய்வதை விட்டார். பிறகு பேப்பர் படிப்பதை விட்டார். டெய்லரம்மா பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் காலையில் ஒரு லாரி கியர் விழாமல் அலறிக்கொண்டே தெருவைக் கடந்தது. அவள் தையலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லாரி போன திசையைக்கூடப் பார்க்கவில்லை. குறை சொல்வதையே நிறுத்திவிட்டால் அந்த மனிதரிடம் அப்புறம் என்னதான் மிச்சம்?

அவளுடைய தம்பி அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். நல்லவன், கெட்டிக்காரன், அக்கா என்றால் உயிர். ஆனால் அவன் வாயில் 'பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை உண்டு. அது நுழைந்த வேலை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. டெய்லரம்மா அவனிடம் போய், நாற்காலிக்கு முன்னால் ஒரு சக்கரம் வைத்து, கையால் சுற்றினால் செயின் இழுத்து ஓடுகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டாள்.

"தாராளமா பண்ணலாம்க்கா. முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கனமான தகடு நிக்கணும். மேலே அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு உருட்டுக் கம்பி, ஷாஃப்ட். ஷாஃப்ட்டுல கைப்பிடி. அவர் சுத்துவாரு, வண்டி ஓடும். பார்க்கலாம்."

"நீ பார்த்துக்கிட்டே இரு," என்றாள் அக்கா. "தகட்டைக் குடு, நான் வெட்டிக்கிறேன். ஷாஃப்ட் நுழையற பெரிய ஓட்டையும் மடிப்பும் மட்டும் நீ மெஷின்ல போட்டுக் குடு."

"இது துணி இல்லக்கா."

"துணி வெட்டுறது சுலபம்னு உனக்கு யாரு சொன்னா?"

அப்படித்தான் வைஸ் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு ரம்பமும் இரண்டு அரமும். முதல் நாளே டெய்லரம்மா தையல் சாக்கட்டியை எடுத்து இரும்பில் கோடு போட்டாள். சாக்கட்டிக் கோடு இரும்பில் விரல் தடிமனுக்கு விழுந்தது. அரத்தால் நாலு இழுப்பு இழுத்ததும் கோடும் போயிற்று, அவள் எதை நோக்கி ராவிக்கொண்டிருந்தாள் என்கிற ஞாபகமும் போயிற்று. போதாக்குறைக்குக் கோட்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் மிச்சம் விட்டு வெட்டியிருந்தாள். தம்பி வந்து பார்த்துவிட்டு, "இது எதுக்குக்கா?" என்றான்.

"தையலுக்கு விட்டது."

அவன் சிரித்த சிரிப்பில் திரைக்குப் பின்னால் சட்டை மாற்றிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். "இரும்பை யாருக்கா தைக்கப் போறா?"

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவன் அந்தக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான். மார்க்கிங் புளூ என்று பட்டறையில் சொல்வார்கள். இரும்பின் மேல் பூசினால் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். அதன் மேல் கூரான எஃகு ஊசியால் கீறினால் நீலம் விலகி, அடியிலிருக்கும் இரும்பு வெள்ளிச் சரிகை போலப் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அறுப்பது, ராவுவது, துளை போடுவது எல்லாம்.

அதுவும் முதலில் அவளுக்கு மசியவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு தகட்டைத் தொட்டாள். எண்ணெய் பட்ட இடத்திலெல்லாம் நீலம் திரிந்து ஓடியது. சரி, நிறையப் பூசினால் ஒட்டும் என்று அழுத்தமாக அப்பினாள். ஊசி பட்டதும் அது செதில்செதிலாக உரிந்தது. "சுவத்துக்கு அடிக்கலக்கா, மெலிசா ஒரு கை போதும்," என்றான் தம்பி. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற தின்னரில் நனைத்த வெட்டுத் துணியால் தகட்டை அழுந்தத் துடைத்து, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, பிரஷை ஒரே போக்கில் இழுத்தாள். நீலம் சீராகப் படிந்தது. ஊசியை வைத்துக் கீறினாள். பளிச்சென்று கோடு விழுந்தது. சாக்கட்டிக் கோடு எப்போதும் 'சுமாராக இந்தப் பக்கம்' என்றுதான் சொல்லும். இது 'இங்கேதான், இம்மியும் நகராதே' என்றது. இத்தனை வருஷம் தன்னைப் போலவே பேசுகிற ஒரு கோட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் அவள் விரல் நீலம், நகம் நீலம், சில நாள் மூக்கும் நீலம். ஒரு வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் அவள் கட்டைவிரல் அப்படியே பதிந்துவிட்டது. அதன் மேல் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கேட்காமலே பாக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் அந்த ஆள் தன் அண்ணனையும் அனுப்பி வைத்தார். டிரைவர் ஜன்னலோரத்திலிருந்து இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, "வாடி நீலி," என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த கேலி அது. அவள் அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது கண்ணைச் சுற்றியும் நீலம்.

அட்டையில் ஒரு பேட்டர்ன் வெட்டியிருந்தாள். இரண்டு தகடுகளுக்கும் ஒவ்வொரு முகத்தில் நீலம் பூசி, அட்டையை வைத்துக் கீறி, அறுத்து, ராவி, கோட்டைத் தொட்டு நிறுத்தினாள். தம்பி துளைகளைப் போட்டு, ஒரு ஓரத்தை நீலப் பக்கமாக மடித்துக் கொடுத்தான். அந்த மடிப்பு வெளிப்பக்கம் நின்றால்தான் போல்ட் முடுக்கி முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையோடு பிணைக்க முடியும். இரண்டையும் கொண்டுவந்து சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள்.

இடது பக்கத் தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. வலது பக்கத் தகடு உட்காரவில்லை. மடிப்பை வெளியே வைத்தால் அதன் முன்பக்கம் பின்னால் போனது. முன்பக்கத்தைச் சரியாக வைத்தால் மடிப்பு உள்ளே போய்ச் சக்கரத்தில் முட்டியது. திருப்பினாள், கவிழ்த்தாள். தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டான், முடியவில்லை.

"அக்கா... ரெண்டுமே இடது கை."

ஒரு டெய்லருக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. ஒரே பக்கத்துக்கு இரண்டு கை வெட்டிய தையல்காரரை ஊரே வைத்துச் சிரிக்கும். அவளே எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவளுக்கு அது நடந்ததில்லை. நடக்கவும் வழியில்லை. துணியை இரண்டாக மடித்து வைத்து வெட்டுவதால், ஒரு வெட்டில் இடது கையும் வலது கையும் தாமாகவே வந்துவிடும். யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருந்துவிட்டாள். இரும்பு மடிந்து கொடுக்காது என்பதும், அட்டையைத் திருப்பி வைத்திருக்க வேண்டும் என்பதும் அவள் புத்தியில் ஏறவேயில்லை.

சரி போகட்டும் என்று அட்டையைத் திருப்பி வைத்து வலது பக்கத்துக்கு இன்னொரு தகடு செய்தாள். இந்தத் தடவை அழகாக உட்கார்ந்தது. டிரைவரே நகர்ந்து வந்து பார்த்தார். பேரிங் வைத்து ஷாஃப்ட்டைக் கோத்துக் கைப்பிடியை மாட்டினார்கள். அவர் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். அது கொஞ்சம் நகர்ந்து, கிறீச்சென்று இறுகி நின்றது. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஷாஃப்ட் அசையவில்லை.

இரண்டு தகட்டின் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. தனித்தனியாக இரண்டு தடவை கீறிய கோடு, ஒரே அட்டையில் பார்த்துக் கீறினாலும் இரண்டு கோடுதான். மயிரிழை வித்தியாசம். துணி என்றால் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். இரும்பு யாருக்கும் விட்டுக்கொடுக்காது.

டிரைவர் கையை எடுத்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "விட்டுடும்மா," என்று மெதுவாகச் சொன்னார். "நீ நல்லாத்தான் செஞ்ச. இதெல்லாம் நமக்கு ஆகாது." சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அவளால் தைக்க முடியவில்லை. ஆத்திரத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல், வெட்டாமல் கிடந்த ஒரு சட்டைத் துணியை மேஜையில் போட்டாள். நல்ல பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்தாள். நழுவாமலிருக்கக் குண்டூசி குத்தினாள். கத்தரியை எடுத்தாள்.

அப்படியே நின்றாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டுத் தம்பியின் பட்டறைக்கு நடந்தாள்.

"அந்தக் கனத்துல இன்னும் தகடு இருக்கா?"

"ஒரே ஒரு துண்டு இருக்குக்கா. ரெண்டுக்குத்தான் வரும். இதுவும் போச்சுன்னா நான் புதுசா வாங்கணும். பார்க்..."

"பார்க்கலாம்னு சொன்னே, வாயத் தைச்சிடுவேன். ரெண்டா அறுத்துக் குடு. ஆளுக்கு ரெண்டு ஓட்டை போட்டு, ரெண்டையும் ஒண்ணா சேத்து போல்ட்டால முடுக்கு. முதுகோட முதுகு."

"எதுக்குக்கா?"

"குண்டூசிடா," என்றாள்.

ஒன்றாக முடுக்கிய இரட்டைத் தகட்டை வீட்டுக்குத் தூக்கி வந்து வைஸில் மாட்டினாள். தின்னரால் துடைத்தாள். வெளியே தெரிகிற இரண்டு முகங்களுக்கும் மெலிசாக நீலம் இழுத்தாள். துணிக்கு நல்ல பக்கம் என்று ஒன்று உண்டு, கெட்ட பக்கம் என்று ஒன்று உண்டு. தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவாள். இரும்புக்கு அப்படி எதுவும் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மூஞ்சி. அதனால்தான் ஏமாந்தாள். இப்போது அவளே அதற்கு ஒரு நல்ல பக்கத்தைக் கொடுத்துவிட்டாள். நீலம் இருந்தால் வெளியே. வெறும் இரும்பு என்றால் உள்ளே. இனி யார் குழப்பினாலும் குழம்பாது.

ஒரு முகத்தில் மட்டும் அட்டையை வைத்துக் கீறினாள். மடிப்புக் கோட்டை மட்டும் ஓரத்தைச் சுற்றிக் கொண்டுபோய் மறுமுகத்திலும் இழுத்தாள். இரண்டையும் சேர்த்தே அறுத்தாள், சேர்த்தே ராவினாள். சேர்ந்த இரும்பு இரண்டு மடங்கு உயிரை வாங்கியது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அரம் இழுக்கிற சத்தத்துக்கு நடுவே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் திரும்பாமலே, "அரத்தை முன்னாடி போகும்போது மட்டும் அழுத்தும்மா, பின்னாடி வரும்போது சும்மா விடு," என்றார். குறை சொல்கிறார்! அவர் சொன்னபடியே ராவினாள். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

தம்பி இரண்டையும் பிரிக்காமல் ஒரே துளையாக மெஷினில் போட்டான். அப்புறம் போல்ட்டைக் கழற்றினான். ஒரு தகட்டைக் கையிலெடுத்து, எந்தப் பக்கம் மடிப்பது என்று கேட்க வாயைத் திறந்தவன், நீலத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்தான். இரண்டையும் பட்டறை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கும்பிடப்போகிற இரண்டு உள்ளங்கைகளைப் போல ஒன்றுக்கொன்று ஜோடியாக இருந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. இனிமே ஜோடி வேலை வந்தா நானும் இப்படித்தான் பண்ணப்போறேன். உன்கிட்ட வந்து கத்துக்கிட்டேன்னு மட்டும் வெளியே சொல்லிடாதே."

"சொல்லாம? தெரு பூரா சொல்லுவேன்," என்றாள்.

பேரிங்கைப் பொருத்தி, ஷாஃப்ட்டைக் கோத்து, கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினாள். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லாமல், அவள் கையை எடுத்த பிறகும் நிற்க மனமில்லாமல் சுற்றியது. தம்பி விசிலடித்தான். டெய்லரம்மா பட்டறையின் நடுவில் நின்று, நீலக் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். அக்காவுக்குப் பல் இத்தனை இருக்கிறதென்பதே தம்பிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரவோடு இரவாகத் தம்பி எல்லாவற்றையும் நாற்காலியில் பூட்டிச் செயினும் மாட்டிவிட்டான். மறுநாள் காலையில் டிரைவர் சவரம் செய்துகொண்டார். யாரும் சொல்லவில்லை. காக்கிச் சட்டை எங்கே என்று கேட்டார். அது அவர் மெலிந்த உடம்புக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டிருந்தது. அவள் அவரை நிற்கவைக்காமல், கழற்றச் சொல்லாமல், உடம்பிலேயே வைத்துப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். திரைக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் முடுக்கியிருந்தாள். "தகட்டுக்குப் பெயின்ட் அடிச்சிடலாமாக்கா?" என்று தம்பி கேட்டான். "அந்த நீலத்துல யாராவது கை வச்சா தெரியும் சேதி," என்று பதில் சொன்னது அக்கா இல்லை, மாமா.

வாசல்படிக்குப் பலகை போட்டார்கள். வண்டி தெருவில் இறங்கியது. பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் பழைய சகாக்கள் எல்லாரும் அந்த நேரத்துக்குக் கூடுவார்கள். அங்கே போவதுதான் திட்டம். தம்பி அந்த முதல் நாள் ஞாபகத்தில் பின்னால் போய் நாற்காலியைப் பிடித்தான்.

"மாப்ளே, கைய எடு."

எடுத்தான். டிரைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். நேராகப் பார்த்தார். வண்டி நகரவில்லை.

டெய்லரம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுபடியும் இறுகிவிட்டதா? நேற்று அத்தனை லேசாகச் சுற்றியதே. செயின் மாட்டிக்கொண்டதா? தம்பி குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் கண்ணாடியில் இருந்தது. கண்ணாடிக்குள்ளே, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மனைவியின் மேல் இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டன் தைத்துக்கொண்டே தலையாட்டிக் கேட்ட அத்தனை பழைய பாட்டும் ஒரே நொடியில் விளங்கியது. மேலதிகாரியே வந்து எடு என்றாலும் அந்த மனிதர் எடுக்க மாட்டார்.

அளவு நாடா கழுத்தில் தொங்க, நீலக் கையால் நாற்காலியின் முதுகில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினாள். தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ரைட்! போலாம், ரைட்!"

வண்டி கிளம்பியது.